ரோட்டவேட்டரா, ஸ்லாஷரா?

பக்கத்துத் தோப்பில் இன்று ரோட்டவேட்டர் ஓடியது. புரட்டிப் போட்ட மண்ணில் ஒரு பிடி அள்ளினேன். சுண்டுவிரல் தடிமனில் செந்நிறத் தென்னை வேர்கள், வெட்டுவாய் ஈரம்கூடக் காயாமல்.

தென்னை தண்ணியும் சத்தும் உறிஞ்சுவது பெரும்பாலும் தூரைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கும் வேர்களால்தான். மரத்தடி வரை உழுதால் வெட்டுப்படுவதும் அவைதான்.

அதனால் உழாமல் புல்லை மட்டும் வெட்ட, எங்கள் மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது ஸ்லாஷரா, மல்ச்சரா என்று வீட்டில் பேச்சு. ஸ்லாஷர் புல்லை வெட்டிப் போடும், அவ்வளவே. மல்ச்சர் பொடியாக நறுக்கிப் பரப்பும். ஆனால் விலையும் எடையும் அதிகம்.

"கருவி அகலத்துக்கு ஆசைப்படாதே சாமி, வண்டி இழுக்கோணுமல்லோ" என்றார் பெரியப்பா.

உண்மை. பிடிஓ (கருவியைச் சுழற்றும் டிராக்டரின் பின்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினாலும், ஹெச்பி (குதிரைத்திறன்) பத்தாவிட்டால் இடுப்பளவு புல்லில் இன்ஜின் திணறிவிடும். அதே நேரம், டயர் தடத்தையாவது மூடும் அகலம் வேண்டும். இல்லாவிட்டால் மிதிபட்ட புல் படுத்துத் தப்பித்துக்கொள்ளும்.

தோப்பு 'சுத்தமாக' இருக்கணும் என்று மண்ணை அம்மணமாக்கி, பிறகு ஈரம் நிற்கவில்லை என்று சொட்டுநீரைக் கூட்டுகிறோம். வெட்டிய புல்லே மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு.

தென்னைக்குள் மல்ச்சர் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: காய்ந்த மட்டை சிக்கினால் கத்தி தாங்குகிறதா?