எஃப்/2.8இல் மட்டும் படம் எடுக்கும் பழைய லென்ஸ்: சோதித்துப் பார்த்தவை

1990களில் வேறொரு நிறுவனம் கேனான் ஈஎஃப் மவுண்டுக்கென்று (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம்) தயாரித்த 28–70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் ஒன்று கைக்கு வந்தது. கண்ணாடியில் பூஞ்சை இல்லை. ஆட்டோஃபோகஸும் ஒழுங்காகவே இயங்கியது. ஆனால் டிஎஸ்எல்ஆரில் பொருத்தியபோது, துளை முழுக்கத் திறந்திருக்கும் எஃப்/2.8இல் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்க முடிந்ததே தவிர, துளையைச் சற்றே சுருக்கி எஃப்/3.2க்கு மாற்றி ஷட்டரை அழுத்தியதும் ‘எர்ரர் 01’ என்று திரையில் காட்டிவிட்டுக் கேமரா உறைந்து நின்றது. அணைத்து மறுபடி போட்டால்தான் அசைந்தது.

ஃபோகஸ் ஆகிறது, ஒளி அளவீடும் சரியாக வருகிறது, ஒளி புகும் துளையான அபெர்ச்சர் மட்டும் ஏன் சண்டித்தனம் செய்ய வேண்டும்? 1987இல் வந்த ஈஎஃப் மவுண்டில் கேமராவையும் லென்ஸையும் இணைக்கும் நெம்புகோல் எதுவும் கிடையாது. லென்ஸுக்குள் இருக்கும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார்தான் துளையைச் சுருக்கும் இதழ்களை அசைக்கிறது. அதற்கான கட்டளை மவுண்டில் உள்ள மின்தொடுமுனைகள் வழியாகச் செல்கிறது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினாலும் இதழ்கள் முழுக்கத் திறந்தே இருக்கும்; படம் பதிவாகும் அந்தக் கணத்தில் மட்டுமே மூடும். ஆகவே ஃபோகஸ் நன்றாக இருப்பது அபெர்ச்சர் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. புலஆழ முன்னோட்டப் பொத்தானை அழுத்தினால், படம் எடுக்காமலேயே இதழ்களை மூடும் கட்டளை போகும் என்பதால் பெரும்பாலான சோதனைகளை அதைக் கொண்டே செய்தேன்.

தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும்படி பிழைச்செய்தியே சொல்கிறது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தேன். பென்சில் அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொன்முலாம் தேய்ந்துபோகும் என்பதால் நான் அதற்குப் போவதில்லை. துடைத்தும் பயனில்லை. வேறொரு லென்ஸை மாட்டியபோது எஃப்/8இல் தடையின்றிப் படம் விழுந்ததால், கேமராவின் பக்கம் பழுதில்லை என்று தெரிந்தது.

மீதமிருந்தவை மூன்று ஐயங்கள். இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்ததில் அவை உலர்ந்தே இருந்தன. இரண்டாவது, அபெர்ச்சருக்குச் செல்லும் மெல்லிய ரிப்பன் கேபிள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் அது மடிந்து விரிவதால், நாளடைவில் உள்ளிருக்கும் செம்புக் கோடுகள் விரிசல் விடுவதுண்டு. அப்படி விரிசல் விட்ட லென்ஸ் ஒரு குவியத்தூரத்தில் வேலை செய்யும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். 28, 35, 50, 70 என்று மாற்றியும், லென்ஸைத் தரை நோக்கிக் கவிழ்த்தும் சோதித்தேன். எல்லா நிலையிலும் ஒரே பிழை. கேபிள் முழுதாகவே அறுந்திருந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்பதால், இதை வைத்து முடிவுக்கு வர இயலவில்லை.

முடிவைத் தந்தது கேனானின் ஒரு பழைய ஃபிலிம் ஈஓஎஸ் கேமரா. அதில் பொருத்தி எஃப்/8 வைத்து முன்னோட்டப் பொத்தானை அழுத்தியதும் இதழ்கள் கச்சிதமாக மூடின. எஃப்/22வரை எங்கும் தடங்கல் இல்லை. மோட்டார், கேபிள், இதழ்கள் மூன்றும் நலம்; மூன்றாவது ஐயமான, கேமராவின் கட்டளைகளுக்குப் பதில் சொல்லும் லென்ஸின் சிப்தான் காரணம். கேனான் தன் தகவல்பரிமாற்ற முறையை வெளியிடாததால், பிற நிறுவனங்கள் அன்றைய கேமராக்களை ஆராய்ந்து ஊகித்தே சிப் செய்தன. பின்னாளில் வந்த டிஜிட்டல் கேமராக்களின் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சிப்பால் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. சிப்பை மாற்றித் தரும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இந்த மாடலுக்கு உதிரிபாகம் இப்போது இல்லை என்று பதில் வந்தது.

நிகான் எஃப் மவுண்டாக இருந்தால் இந்தக் கதையே வேறு. அங்கே கேமராவிலுள்ள நெம்புகோலே பெரும்பாலான லென்ஸ்களின் இதழ்களை இயக்குவதால், சிப் எவ்வளவு பழையதானாலும் அவை மூடிவிடும். அபெர்ச்சர் வளையம் உள்ள ‘டி’ வகை லென்ஸை மிகச் சிறிய துளைக்குத் திருப்பிப் பூட்டாவிட்டால் ‘எஃப்இஇ’ என்று காட்டும். அது பழுதே அல்ல. ஆனால் மின்முறை அபெர்ச்சர் கொண்ட ‘ஈ’ வகை லென்ஸை டி90 போன்ற பழைய கேமராவில் மாட்டினால், அங்கும் துளை முழுக்கத் திறந்தே நிற்கும்.

சிப்பைத் திருத்த முடியாது என்றான பின், அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் தேடினேன். ஃபிலிம் கேமராவில் எஃப்/8 வைத்து, முன்னோட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால், மின்சாரம் அறுந்ததும் இதழ்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. லென்ஸின் தொடுமுனைகள்மேல் மெல்லிய நாடா ஒட்டி டிஎஸ்எல்ஆரில் பொருத்தினால், கேமரா லென்ஸ் இல்லை என்றே எண்ணி அபெர்ச்சரை ‘00’ என்று காட்டும், பிழை வராது. நாடாவின் விளிம்பு மேலெழும்பாமல் இருப்பது முக்கியம், இல்லையேல் கேமராவின் ஊசிகளில் சிக்கிக்கொள்ளும். ஆட்டோஃபோகஸ் போய்விடும், வியூஃபைண்டரும் இருண்டுவிடும் என்பதால், லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கிறது. அபெர்ச்சரை நாம் முடிவு செய்யும் ஏவி முறையில் ஷட்டர் வேகத்தைக் கேமரா தானாகவே கணக்கிட்டுக்கொள்கிறது.

நின்ற துளை உண்மையிலேயே எஃப்/8தானா என்று பார்க்க, சீரான வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை ஐஎஸ்ஓ 100, 1/125 நொடியில் இந்த லென்ஸாலும் நன்றாக இயங்கும் மற்றொரு லென்ஸாலும் எடுத்து, நடுப்பகுதியின் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒப்பிட்டேன். வேறுபாடு மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) அளவுக்குள் அடங்கியது. பிழைச்செய்தியே காட்டாமல் இதழ்கள் மக்கர் செய்யும் லென்ஸையும் இதே சுவரைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்: எஃப்/2.8க்கு 1/1000, எஃப்/4க்கு 1/500, எஃப்/5.6க்கு 1/250, எஃப்/8க்கு 1/125 என்று எடுத்தால் நான்கும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். படிப்படியாக வெளுத்துக்கொண்டே போனால் இதழ்கள் மூடவில்லை என்று பொருள்.

இப்போது டிஜிட்டலில் இந்த லென்ஸ் எனக்கு எஃப்/2.8, எஃப்/8 என்ற இரண்டு அளவுகளில் பயன்படுகிறது. நாடா ஒட்டி எடுத்த படக்கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் அபெர்ச்சரும் குவியத்தூரமும் பதிவாவதில்லை. அவற்றைக் கோப்பு எண்ணோடு நோட்டில் எழுதி வைத்து, கணினிக்கு மாற்றியபின் எக்ஸிஃப்டூல் மென்பொருளால் சேர்த்துக்கொள்கிறேன்.