வாழைப்பழத்தில் விதை எங்கிருந்து வருகிறது?

திருகோணமலைச் சந்தையில் வாங்கிய கதலிப்பழத்தைக் குறுக்கே வெட்டினால், நடுவில் சின்னச் சின்னக் கரும்பொட்டுகள் தெரியும். அதைத்தான் பலர் விதை என்கிறார்கள். இல்லை, அவை விதையாக மாறவேண்டிய, ஆனால் வளராமல் நின்றுபோன சூல்கள். உண்மையான விதை மிளகளவு இருக்கும், கறுப்பு, கடித்தால் பல் போகும்.

மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா என்ற இரண்டு காட்டுவாழைகளிலிருந்துதான் எங்கள் பழவாழைகள் வந்தன. காட்டுவாழைக்கு மரபுப்பண்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்) 22, இரண்டு தொகுதியாக. மகரந்தம் படாவிட்டால் அதன் காய் திரளாது. வீட்டுவாழையோ மகரந்தம் இல்லாமலே சதைபிடிக்கும். அதோடு பெரும்பாலானவற்றில் மூன்று தொகுதி, 33 நிறமூர்த்தங்கள். மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லாததால் விதை உருவாவதில்லை.

ஆனால் எல்லா இனமும் முழு மலடு இல்லை. பக்கத்தில் பல்பிசியானா போன்ற விதைவாழை பூத்து நின்றால், வௌவாலோ தேன்சிட்டோ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். சீனிவாழையில் விதை விழுவது இப்படித்தான். கோழிக்கூட்டு என்ற வாழையினத்திலும் எப்போதாவது நடக்கும். விதை வந்ததற்குப் பசளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மரத்தின் பொத்தியை ஒடிப்பதாலும் விதை நிற்காது, மகரந்தம் வேறு மரத்தினது. பொத்தி வறைக்குத்தான் உதவும். ஒடிக்க வேண்டியது விதைவாழையின் பொத்தியை. அது அயலவர் வளவில் நின்றால், உங்கள் குலையின் முதல் மடல் விரியமுன்னரே மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, கடைசிப் பெண்சீப்பின் பூ காய்ந்தபிறகு கழற்றுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக்காலத்தில் பை இலையோடு உரசிக் கிழியும், இறுக்கிக் கட்டவேண்டும். ஒரு சீப்பு விரிந்தபிறகு கட்டினால் அந்தச் சீப்புக்குப் பிந்திவிட்டது.

விதைவாழையை வெட்டி எறியச் சொல்லவில்லை. பல்பிசியானா வரட்சியைத் தாங்கும், இலையும் தடிப்பு. நோய் தாங்கும் புது இனம் உருவாக்குபவர்களுக்கு விதையுள்ள வாழைதான் ஆதாரம்.

விதையில்லாததைக் குட்டியால்தான் பெருக்கமுடியும். தாய்க்கிழங்கோடு ஒட்டிய, ஒடுங்கிய இலையுள்ள, 2 முதல் 3 அடிக் குட்டியாக எடுத்து, மாரி தொடங்கும்போது நடுங்கள். அகன்ற இலைக்குட்டி பார்வைக்குச் செழிப்பு, கிழங்கு பலவீனம். குட்டி தாயின் அச்சு என்பதால் தாயின் நோயும் கூடவே வரும். கோழிக்கூட்டில் பெரிய ஆபத்து பனாமா வாடல் என்ற பூஞ்சண நோய்: கீழிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மடிந்து தொங்கும்; தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். அந்தப் பற்றையிலிருந்து ஒரு குட்டியும் எடுக்கக்கூடாது. வெட்டிய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். பூஞ்சணம் மண்ணில் பல வருடம் கிடக்கும், அதே குழியில் மறுபடி கோழிக்கூட்டு வைப்பது வீண்செலவு.