மன்னிக்க வேண்டியது யாரு?

பாளையங்கோட்டை சர்ச்சுல இன்னைக்குப் பிரசங்கம் மத்தேயு 18. ‘ஏழெழுபது தரம் மன்னிக்கணும்’னார் ஐயர். எனக்கு மிருசுவில்தான் நெனப்புக்கு வந்துச்சு. 2000 டிசம்பர்ல யாழ்ப்பாணத்துப் பக்கம் சின்னப் பிள்ளைங்களையும் சேர்த்து 8 தமிழர்களைக் கொன்னுபோட்டாங்க. 2015-ல அதுக்காக ஒரு இலங்கை ராணுவத்தானுக்கு மரண தண்டனை. 2020-ல இலங்கை ஜனாதிபதி அவனை மன்னிச்சு வெளிய விட்டுட்டாரு. பிள்ளைகளப் பறிகொடுத்தவங்க குடுத்த மன்னிப்பா அது?

பைபிள்ல வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமா வாங்கினத நாலத்தனையாத் திருப்பித் தாரேன்னான் (லூக்கா 19). அத யாரும் பிரசங்கிக்கக் காணோம், காணிக்கை ஞாயிறு தவிர! தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகள விசாரிக்கப் பேராயர் டூட்டு நடத்துன ஆணையம், செஞ்சத முழுசா ஒத்துக்கிட்டாத்தான் பொதுமன்னிப்புன்னு நின்னுச்சு. 7,112 பேர் விண்ணப்பிச்சதுல 849 பேருக்குத்தான் கெடச்சுது. அந்தக் கணக்கையும் ஒருநாள் பீடத்துல இருந்து சொல்லலாம்லா?