சுக்குட்டிக்கீரை தின்ன கென்யா போன கதை

முதலில் அந்த பைக் டாக்ஸிக்காரனிடம் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. நைரோபியிலிருந்து எட்டரை மணி நேரம். கால் நீட்ட இடமில்லாத பஸ், ஜன்னல் கண்ணாடி பாதிதான் மூடும். குளிரில் விறைத்துப்போய் விக்டோரியா ஏரிக்கரை ஊரான கிசுமுவில் இறங்கினேன். விடுதிக்கு இரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. அதற்கு 500 ஷில்லிங் வாங்கிவிட்டான். ஒரு ஷில்லிங் நம் 65 காசு என்று வைத்துக்கொண்டால் 325 ரூபாய்! விடுதி நடத்தும் அக்காவிடம் சொன்னால், “நூறுக்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது” என்று சிரிக்கிறார். கென்யாவில் பைக் டாக்ஸிக்குப் பெயரே ‘போடா போடா’. அன்று இரவு அதை நாலு முறை தமிழில் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

கென்யா போகிறவன் சிங்கம் யானை பார்க்கும் மசாய் மாரா காட்டுக்குப் போகாமல் கிசுமுவுக்கு ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசுதான் காரணம். வெளிநாட்டுக்காரனுக்கு மாராவில் நுழைவுக் கட்டணம் ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. நான் போனது ஜூலை. ஜீப், தங்குமிடம் எல்லாம் தனி. அந்தக் காசுக்கு நான் பத்து நாள் சாப்பிடுவேன். விக்டோரியா ஏரியைச் சும்மாவே பார்க்கலாமே என்று மேற்கே பஸ் ஏறிவிட்டேன். செலவுக் கணக்கை வரிசையாகக் கடைசியில் தருகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிபுயே சந்தைக்குப் போகச் சொன்னார் அக்கா. பழைய துணி, கட்டில், கோழி, கருவாடு என்று கூட்டம் நெரிகிறது. அதைத் தாண்டினால் கீரைப் பகுதி. முதல் குவியலைப் பார்த்ததுமே நின்றுவிட்டேன். அது மணத்தக்காளி! எங்கள் பக்கம் சுக்குட்டிக்கீரை என்போம். இலை மட்டும் உள்ளங்கை அகலம், நம்மூரில் அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. கென்யாவில் பொதுவாக மனாகு, அங்குள்ள லுவோ மக்களுக்கு ஓசுகா. பக்கத்தில் தண்டுக்கீரை மாதிரி டெரெரே. அதற்கடுத்து குண்டே என்று கட்டி வைத்திருந்தது தட்டைப்பயறு இலை. நாம் பயறைத் தின்றுவிட்டு இலையை மாட்டுக்குப் போடுகிறோம், இவர்கள் இலையையே காசாக்குகிறார்கள்.

அப்புறம் சாகா. ஐந்து விரல் மாதிரி இலை, வெள்ளைப் பூ. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, கிள்ளி மோந்து பார்த்ததும் பிடிபட்டது. நல்வேளை! எங்கள் கொல்லையில் ஆள் வைத்துப் பிடுங்கிப்போட்ட செடி. அதை இங்கே ஒரு கட்டு 50 ஷில்லிங் என்கிறார்கள்.

கீரை விற்கும் அம்மாவுக்கு அங்கே ‘மாமா ம்போகா’ என்று பெயர். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, ம்போகா என்றால் காய்கறி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியை நான் வாய் நிறைய “மாமா, பெய் கானி?” என்று விலை கேட்டதை எங்கள் மாமாவிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ. பேரம் பேசிப் பார்த்தேன், ஒரு ஷில்லிங் இறங்கவில்லை. “பரட்டைக்கீரை வேண்டுமானால் மலிவாகத் தருகிறேன், இது நாட்டுக்கீரை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பரட்டைக்கீரைக்கு ‘சுகுமா விகி’ என்று பெயர். அதாவது ‘வாரத்தை ஓட்டு’. சம்பளம் தீர்ந்த வாரத்தில் வயிற்றை நிரப்பும் கீரை என்று கணக்கு. வெளியிலிருந்து வந்த அந்தக் கீரை மலிவு. ஒரு காலத்தில் ஏழைச் சாப்பாடு, களை என்று ஒதுக்கிய நாட்டுக்கீரை அதைவிட விலை கூட.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கென்யாவிலும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு ‘ஹோட்டேலி’ என்றுதான் பெயர், நம்மூர் மாதிரியே. சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒன்றில் உகாலி, மனாகு, ஓமேனா மூன்றும் சேர்த்து 200 ஷில்லிங். உகாலி என்பது வெள்ளை மக்காச்சோள மாவுக் களி. ஓமேனா நெத்திலி அளவுக்கு ஏரி மீன், காயவைத்து வறுத்தது. மனாகுவை வேகவைத்து, வெங்காயம் தக்காளி வதக்கி, பால் ஊற்றிச் சுண்டவைத்திருந்தார்கள். முதலில் லேசான கசப்பு, அப்புறம் பாலின் இதம். களியை உருட்டி நடுவில் குழி செய்து, கீரையை அள்ளி... இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. பயணம் முழுவதிலும் இதுதான் நல்ல சாப்பாடு. அதற்கு முந்தின நாள் நைரோபியில் 900 ஷில்லிங் கொடுத்துத் தின்ற பர்கரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சாகாவுக்கு இதைவிடப் பொறுமை வேண்டுமாம். பால் சேர்த்து, மறுநாளும் சூடாக்கி, மறுபடி பால் சேர்த்து, இரண்டு மூன்று நாள் சட்டியிலேயே வைப்பார்களாம். கசப்பு அடங்கினால்தான் அது சாகா. சில வீடுகளில் கசப்பு போகட்டும் என்று வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும் உண்டு. சத்தும் அதோடு போய்விடுமே என்று அக்காவிடம் நான் புலம்பினேன்.

அக்காவின் அத்தை வீடு மசேனோ பக்கம். பூமத்திய ரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பதினாலு பேர் ஏற வேண்டிய மடாட்டு வேனில் இருபது பேரோடு, மடியில் யாருடையதோ பிள்ளையை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ரேகையில் நின்று ஒரு போட்டோ எடுத்ததோடு அந்தக் கடமை முடிந்தது. அத்தையின் தோட்டம்தான் விஷயம். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கூட இருக்காது. டெரெரே மூன்று நாலு வாரத்தில் பிடுங்கத் தயாராகிவிடும். மனாகுவைக் கிள்ளக் கிள்ள மறுவாரமே துளிர்க்கும். சாகாவில் பூ வந்தால் இலை குறைந்துவிடும் என்பதால் பூவை ஒடித்துக்கொண்டே இருக்கிறார். ஓரத்தில் நாலு செடியை மட்டும் விதைக்கு விட்டிருக்கிறார். வாரம் தவறாமல் கையில் காசு வருவது இந்தப் பாத்தியில்தான். மக்காச்சோளம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் காசு காட்டும். “சோளக் காசு வீட்டுக்காரர் கைக்குப் போகும், கீரைக் காசு என் இடுப்பில்” என்று முடிச்சைத் தட்டிக் காட்டினார். மழை மாதங்களில் கீரை மலிந்து விலை விழும், வறண்ட மாதங்களில் ஏறும். அன்றைக்கு விற்காதது சாயங்காலமே வாடிவிடும், அந்த நஷ்டமும் அவருடையதே.

களை என்று ஒதுக்கிய கீரை இப்படிக் காசான மாற்றம் தானாக வரவில்லை. மேரி அபுகுட்சா ஓன்யாங்கோ என்று ஒரு பேராசிரியை, மேற்குக் கென்யாக்காரர். சின்ன வயதில் மீன், முட்டை, பால் எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, நாட்டுக்கீரையைத் தின்றே வளர்ந்தவர். விவசாயம் படிக்கப் போனால் அங்கே அந்தக் கீரைகளையெல்லாம் களை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாடு மசேனோ பல்கலைக்கழகத்திலும், ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகத்திலும் இருந்து இந்தக் கீரைகளின் விதை, சாகுபடி, சத்து என்றே வேலை செய்தார். முட்டைகோஸோடு ஒப்பிட்டால் இவற்றில் இரும்பும் வைட்டமின் ஏ-யும் எவ்வளவோ கூட. கென்யா தன் பாரம்பரிய உணவை மீட்ட முயற்சியை 2021-ல் யுனெஸ்கோவும் நல்ல நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. இப்போது நைரோபி சூப்பர் மார்க்கெட்டிலேயே மனாகு கட்டு கிடைக்கிறது.

அத்தை ம்ரெண்டாவும் சமைத்தார். சணல் இனக் கீரை, வெண்டைக்காயைவிடக் கொழகொழ. பயற்றம் நெற்றின் தோலைச் சுட்டு, சாம்பலை வடிகட்டிய நீரை ஊற்றி வேகவைக்கிறார்கள். அந்தச் சாம்பல் நீருக்கு முஷெரேக்கா என்று பெயர். எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை, மரியாதைக்கு இரண்டு வாய். அதில் மிட்டோ என்ற கசப்புக் கீரையையும் கலப்பார்கள், நம் கிலுகிலுப்பைச் செடியின் சொந்தக்காரன். கிலுகிலுப்பை இனத்தில் தின்னும் கீரையும் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

கிளம்பும்போது ஒரு பிடி சாகா விதையை நீட்டினார் அத்தை. வாங்கவில்லை. அனுமதிச் சான்று இல்லாமல் விதையை நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஏர்போர்ட்டில் அதற்கு வேறு அபராதம் கட்ட என்னிடம் காசில்லை.

கணக்கு சொல்கிறேன் என்றேன் இல்லையா. நுழைவு அனுமதி இணையத்தில், 30 டாலருக்குச் சற்று மேல். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள், அந்தச் சான்று இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டில் மாட்டுவீர்கள். பிளாஸ்டிக் பைக்கு அங்கே 2017 முதல் தடை, மஞ்சப்பை எடுத்துப்போங்கள். பஸ் 1,500 ஷில்லிங். விடுதி... அந்தச் சீட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் கொல்லையில் நல்வேளையைத் தேடினேன். கிணற்றடியில் மூன்று செடி நின்றது. அம்மாவிடம் கிள்ளிக்கொண்டு போய்க் கொடுத்து, “பால் ஊற்றி வேகவை” என்றேன். “உங்க அப்பத்தா இதை வதக்கும்டா, பாலெல்லாம் ஊத்தாது” என்று வாங்கிக்கொண்டாள்.