கடைமடையில் ஒரு கணக்கு

நீர் நிற்கும் நெல்வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனை, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுவை, அளப்பது அலுப்பான வேலை. நெற்குத்துகளின் மேல் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சிரிஞ்சில் காற்றை உறிஞ்சிக் குப்பியில் அடைக்க வேண்டும். அவசரத்தில் பெட்டியருகே காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி கிளம்பி அன்றைய அளவே கெட்டுவிடும். திருவாரூர் பக்கம் ஒரு குறுவை முழுக்க இதைச் செய்தேன்.

அப்புறம் மேசை வேலை. நாடுகளின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வை ஒப்பிட்டு ஓர் அட்டவணை கேட்டார்கள். ஒரே நாளில் முடித்தேன், தப்பாக. இந்தியா தன் 2016ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேனை, சூடாக்கும் திறனில், 21 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வைத்திருந்தது. பக்கத்தில் நான் எழுதிய வளர்ந்த நாடுகளோ 25ஆக வைத்திருந்தன. போதாததற்கு இந்தியாவுக்கே இரண்டு எண்கள்: காடும் நிலமும் உறிஞ்சுவதைக் கழிக்காமல் 283.9 கோடி டன், கழித்தால் 253.1 கோடி. நான் கழித்ததை எடுத்துப் பிறருக்குக் கழிக்காததைப் போட்டிருந்தேன். மேலதிகாரி கண்டுபிடித்தார், திட்டு வாங்கியது நியாயம்தான்.

அலகைச் சரிசெய்வது எளிது. அதற்கு அடியில் இருப்பதுதான் சிக்கல். 1990 வாக்கில் இந்திய நெல்வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வருவதாக அமெரிக்காவில் ஒரு மதிப்பீடு போட்டார்கள். 1991இல் இங்கே வயல்களில் இறங்கி அளந்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்தத் தரவுத்தளத்தைத் திறந்தாலும், அளந்த எண்ணா, வயல் பரப்பை ஒரு காரணியால் (பரப்புக்கு இவ்வளவு வாயு என்ற சராசரியால்) பெருக்கிய எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் பெருக்கியதுதான்.

காரணி இருக்கட்டும், பரப்பை யார் வகைப்படுத்துவது? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில், மீத்தேன் நீர் எப்போதும் நிற்கும் வயலுக்கு 1 என்றால், இடையிடையே பல தடவை காயும் வயலுக்கு 0.52. கிட்டத்தட்ட பாதி. நம்மூரில் இதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். நான் அளந்த வயலும் வெடிப்பு விடும்வரை காய்ந்திருந்ததால், படிவத்தில் அப்படியே குறித்தேன். சிக்கன முறையைக் கடைப்பிடிக்கிறாரே என்று வயல்காரரைப் பாராட்டவும் செய்தேன்.

அவர் வாய்க்காலைக் காட்டினார். "நான் எங்க தம்பி காயப்போட்டேன்? கடைமடைக்குத் தண்ணி வந்தாத்தானே."