ஏற்காடு வண்டிக்கு இரும்பு பெல் ஹவுசிங்

என்னுடையது பழைய ஆறு சக்கர லாரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு உரம், சிமெண்ட் ஏற்றுவேன். இறங்கும்போது காபி மூட்டையோ சில்வர் ஓக் மரமோ கிடைக்கும். போன ஐப்பசி மழையில், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, முதல் கியரில் ஏறும்போது காலடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. ஆனால் அப்புறம் கிளட்சை விடும்போதெல்லாம் பெடல் நடுங்கியது. மூன்றாவது கியர் விழ அடம்பிடித்தது.

மறுநாள் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினோம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மணி போல விரிந்திருக்கும் அலுமினிய பெல் ஹவுசிங்கில், கீழ் போல்ட் ஓட்டையில் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

“பத்த வைக்க வேண்டாம் தம்பி, நிக்காது” என்றார் மேஸ்திரி. டியூ கட்ட வேண்டிய வாரம் அது. கையில் காசில்லாமல் வெல்டிங் வைத்துத்தான் ஓட்டினேன். மூன்றே வாரத்தில் பற்றவைத்த கோட்டை ஒட்டியே புது விரிசல். பழைய வார்ப்புக்குள் எண்ணெய் ஊறியிருக்கும், பற்று சுத்தமாகப் பிடிக்காது. பிடித்தாலும் பக்கத்திலிருக்கும் அலுமினியம் சூட்டில் வலு இழந்துவிடும். அன்றைக்கே முடிவு செய்தேன், இதே அலுமினியத்தில் இன்னொன்று வேண்டாம், இரும்பு வார்ப்பில் கிடைக்கிறதா பார்ப்போம் என்று.

மலை வண்டிக்கு ஏன் இந்தக் கவலை என்றால், முதல் கியரில் இன்ஜினின் முறுக்குவிசை பல மடங்கு பெருகித்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. அந்த முறுக்குக்கு எதிராக கியர்பாக்ஸும் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்ப விடாமல் பிடித்து நிற்பது இந்த ஹவுசிங்தான்.

தேடப் போகுமுன் மேஸ்திரி ஒரு வேலை செய்யச் சொன்னார். கெட்டியான அட்டையை ஹவுசிங்கின் முகத்தில் வைத்து, விளிம்பையும் போல்ட் ஓட்டைகளையும் சுத்தியலால் மெல்லத் தட்டி அச்சு எடுத்தோம். 12 ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 428.6 மில்லிமீட்டர், அதாவது எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவு வரிசையில் 3. இந்தக் கணக்கில் எண் குறைந்தால் ஹவுசிங் பெரிது: எஸ்.ஏ.இ. 2-க்கு அதே வட்டம் 466.7. இரண்டிலும் ஓட்டை 12-தான் என்பதால் எண்ணிப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். அட்டையில் கியர்பாக்ஸ் உட்காரும் பின்பக்க ஓட்டையின் விட்டம், கிளட்சைத் தள்ளும் ஃபோர்க் நிற்கும் இடம், முக்கியமாக ஆழம், எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆழம் கூடினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி, அதைத் தாங்க இன்ஜின் பக்கம் இருக்கும் பைலட் பேரிங்கை எட்டாது. குறைந்தால் முட்டும்.

சேலத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் போனது. சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் அட்டையோடு போனேன். சங்ககிரியில் ஒன்று அச்சாகப் பொருந்தியது. இரும்பு, பார்க்கவும் நன்றாக இருந்தது. திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு தூக்கி வந்தேன். மேஸ்திரி அதை முழுக்கத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி காயத் துடைத்தார். மேலே சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது வெள்ளைத் தூளின் நடுவே தலைமுடி அளவில் ஈரக்கோடு ஒன்று ஊறியிருந்தது. உள்ளே போன மண்ணெண்ணெய் விரிசல் வழியாக வெளியே வருகிறது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை.

அதைத் திருப்பிக் கொடுத்தேன். நாமக்கல்லில் கிடைத்த இரண்டாவது, தூள் காய்ந்தே நின்றது. பழையது 9 கிலோ, இது 22. மலையேறும் வண்டிக்கு இந்த எடை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மாட்டுமுன் மேஸ்திரி கேட்டது, பழையது ஏன் உடைந்தது என்று. தேடினோம். இடத்தைச் சரியாக நிறுத்தும் இரண்டு டோவல் பின்களில் ஒன்று இல்லை. யாரோ முன்பு கழற்றியபோது விட்டுவிட்டார்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், ஆனால் நடு மையத்தைக் காக்க டோவல்தான் வேண்டும். பின் மவுண்ட் ரப்பரும் கிழிந்து, கியர்பாக்ஸின் பாரம் ஹவுசிங்கிலேயே தொங்கியிருக்கிறது. இதைச் சரி செய்யாமல் மாட்டியிருந்தால் இரும்பும் ஒருநாள் உடைந்திருக்கும்.

ஹவுசிங்கை மட்டும் மாட்டி, நுண்ணிய விலகலையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை, இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் பிடிக்கவைத்து, அதன் தொடுமுனையைப் பின்பக்க ஓட்டையின் உள்சுவரில் தொடவிட்டு, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினோம். முள் ஆடியது 0.34 மில்லிமீட்டர். மேஸ்திரி வைத்திருக்கும் எல்லை 0.20. மறுபடி கழற்றிப் பார்த்தால், முகத்தில் பழைய பெயின்டும் ஓட்டை ஓரத்தில் ஒரு சின்ன பிசிறும். தட்டை அரத்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு, புது டோவல் இரண்டும் போட்டு இறுக்கினோம். முள் 0.14-ல் நின்றது. அதற்கப்புறம்தான் கியர்பாக்ஸை ஏற்றினோம். புது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், மவுண்ட் ரப்பர் எல்லாம் சேர்த்து மொத்தம் 19,000 ரூபாய் ஆனது.

பங்குனியில் கியர் ஆயில் மாற்றப் போனபோது, நானே அடியில் படுத்துக் கீழ் போல்ட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினேன். அரை மணி கழித்தும் தூள் வெள்ளையாகவே இருந்தது.