வேறு துறையிலிருந்து கணினி அறிவியல் முதுகலைக்கு: தயாரிப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

முதலில் பார்க்க வேண்டியது, யாருக்காக அந்தப் படிப்பை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2001-இல் தொடங்கிய எம்.சி.ஐ.டி. என்ற முதுகலைப் படிப்பு, கணினிப் பின்னணி இல்லாதவர்களுக்கானது; அடிப்படையிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். வழக்கமான எம்.எஸ். அப்படியில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்), அல்காரிதம் (தீர்வுக்கான படிமுறை), டிஸ்க்ரீட் மேத்ஸ் (தர்க்கம், கணங்கள், எண்ணுதல் போன்ற கணிதம்), ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே முதல் வகுப்பு தொடங்கும்.

மார்ச் 10

பலரும் பைத்தானோடு ஆரம்பிக்கிறார்கள். அது சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். காலை வாரிவிடுவது டிஸ்க்ரீட் மேத்ஸ்தான், குறிப்பாக நிரூபணம் எழுதுவது.

1+3+5=9. ஒற்றை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்க எண்தான் வரும். இதை இண்டக்‌ஷனில் (முதல் எண்ணுக்குச் சரி, ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டும் முறை) நிரூபிக்கச் சொன்னால், நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எழுதி, இருபுறமும் சுருக்கி, 0=0 என்று முடித்துவிடுகிறார்கள். இது செல்லாது. 1=-1 என்று எழுதி இருபுறமும் வர்க்கம் எடுத்தாலும் 1=1 வருகிறதே! தெரிந்ததிலிருந்து புறப்பட வேண்டும்: பத்து எண்களுக்கு 100 என்றால், அடுத்த ஒற்றை எண் 21-ஐச் சேர்க்க 121, அதாவது 11-இன் வர்க்கம். 1-க்குச் சரி என்று காட்டிவிட்டு, இதே நகர்வைப் பொதுவாக எழுதிக் காட்டுவதுதான் நிரூபணம். பேனாவும் தாளும் வைத்து எழுதிப் பழகுங்கள். படித்துப் புரிந்தது தேர்வறையில் கை கொடுக்காது.

மார்ச் 24

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். 1,00,000 பெயர்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று லிஸ்ட்டில் ஒவ்வொன்றாகத் தேடினால், மோசமான நிலையில் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். செட்டில் (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) போட்டால் பெயருக்கு ஒரு தேடல், சராசரியாக லட்சத்தோடு முடிந்துவிடும். செட்டுக்கு அடியில் இருப்பது ஹேஷிங், அதாவது பெயரிலிருந்தே அதன் இடத்தைக் கணக்கிடும் முறை. அது ஏன் இப்படி வேலை செய்கிறது என்று விளக்க வராவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

ஏப்ரல் 7

சி மொழியும் மெமரியும். பாயிண்டரை (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) தவிர்த்துவிட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் உட்கார்ந்தால் அசைன்மெண்ட் நகராது.

மெமரியில் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) நடு இடம் கண்டுபிடிக்க இரு முனைகளின் இட எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்போம். எதிர்ம எண்களையும் ஏற்கும் 32-பிட் முழு எண்ணின் உச்சம் 214,74,83,647. பட்டியலில் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகளைத் தாண்டினால் கூட்டல் அந்த உச்சத்தை மீறக்கூடும். ஜாவாவில் விடை எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவா நூலகத்திலேயே இந்தப் பிழை கிடந்து 2006-இல் வெளியே தெரிந்தது. முனைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழ் முனையோடு கூட்டினால் சரி.

ஏப்ரல் 21

விண்ணப்பக் கட்டுரையில் ஆர்வத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். மிச்ச இடத்தைப் பழைய துறைக்குக் கொடுங்கள்: அங்கே எந்தக் கேள்விக்குக் கணினி தேவைப்பட்டது, அதற்கு எழுதிய நிரல் எது. முன்தேவைப் பாடங்களை மதிப்பெண் சான்றிதழோடு முடித்திருந்தால் வெறும் காணொளிப் படிப்பைவிட எடை அதிகம்.

சேர்ந்த பிறகு, முதல் பருவத்திலேயே அல்காரிதமையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்து எடுக்க வேண்டாம். ஒன்று நிரூபணத்துக்கு நேரம் கேட்கும், மற்றது பிழை தேடுவதற்கு.